களைத்த மூளையை உடல் காட்டிக்கொடுக்கும் விதம்

வெள்ளவத்தையில் புதிதாகக் கட்டிய தொடர்மாடி ஒன்றுக்குள் நுழைந்தால் வாசலில் ஒரு சிறு மேசை இருக்கும். மேசையில் ஒரு திரை, திரையில் எட்டோ பத்தோ சிசிடிவி கட்டங்கள், முன்னால் கதிரையில் ஒரு காவலாளி. அனேகமாக ஐம்பது வயதைத் தாண்டியவர். இரவு முழுக்க அந்தக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவருடைய வேலை. காலையில் யாருடைய சைக்கிளாவது காணாமல் போயிருந்தால் முதல் கேள்வி அவரிடம்தான் போகும்: "முழிச்சுக்கொண்டுதானே இருந்தனீங்கள், பிறகு எப்படிக் காணேல்லை?"

அவர் விழித்துத்தான் இருந்திருப்பார். திரையைப் பார்த்துக்கொண்டும் இருந்திருப்பார். அப்படியிருந்தும் சைக்கிள் போனதைக் காணாமல் விட்டிருக்க முடியும். இது எப்படி நடக்கிறது, நடக்கப்போகிறது என்பதை உடல் எந்தெந்த வழியில் முன்கூட்டியே காட்டுகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

களைப்பு என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது மூன்று நிலைகளைப் போட்டு வைத்திருக்கிறோம். புறக்கோட்டையில் மூட்டை தூக்குபவருக்கு வருவது தசைக் களைப்பு. யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ் ஓட்டும் சாரதிக்கு விடியப்புறம் வருவது நித்திரைக் கலக்கம். அதிக நேரம் விழித்திருந்ததாலும், உடலுக்குள் இருக்கும் கடிகாரம் "இது தூங்கும் நேரம்" என்று சொல்வதாலும் வருவது. செட்டியார் தெரு நகைக்கடை ஒன்றில் மாதக் கடைசிக் கணக்கை நாள் முழுக்கப் பார்த்தவருக்கு வருவது மூன்றாவது வகை. முதல் நாள் இரவு நன்றாகத் தூங்கியிருப்பார், கண் சொக்காது, உடம்பிலும் வலி இல்லை. ஆனால் பின்னேரம் ஐந்து மணிக்கு ஒரே வரிசையை நாலு தரம் கூட்டி நாலு விதமான விடை எடுப்பார். வீட்டுக்குப் போய் கிரிக்கெட் பார்க்கச் சொன்னால் உற்சாகமாகப் பார்ப்பார். இதுதான் மூளைக் களைப்பு. கவனத்தைக் கட்டிப் பிடித்து வைத்திருக்கும் வேலையை நீண்ட நேரம் செய்ததால், அதே வகை வேலையை மேலும் செய்யும் திறனும் விருப்பமும் குறைந்துபோன நிலை.

நடைமுறையில் இரண்டாவதும் மூன்றாவதும் கலந்தே வரும். இரவுக் கடமையில் இருக்கும் காவலாளிக்கு இரண்டும் சேர்ந்திருக்கும். என்றாலும் பிரித்துத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஒன்றுக்கு மருந்து நித்திரை; மற்றதுக்குச் சில வேளை வேலையை மாற்றினாலே போதும்.

கவனம் சறுக்கும்போது

கவனம் என்பது ஒரே அளவில் ஓடிக்கொண்டிருப்பதாக நினைக்கிறோம். உண்மையில் அது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. இறக்கம் ஆழமாகப் போகும் கணத்தைக் கவனச் சறுக்கல் என்று சொல்லலாம். இதை அளக்க 1980களில் டேவிட் டிங்கஸ், ஜோன் பவல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் உருவாக்கிய ஒரு சோதனை இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. பத்து நிமிடம் ஒரு சிறு திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு முதல் பத்து விநாடிக்குள் எந்த நேரத்திலும் எண்கள் ஓடத் தொடங்கும். கண்டவுடன் பொத்தானை அமத்த வேண்டும். அவ்வளவுதான். நன்றாகத் தூங்கி எழுந்தவர் ஏறக்குறைய கால் விநாடியில் அமத்துவார். அரை விநாடியைத் தாண்டினால் அது ஒரு சறுக்கல் என்று பதிவாகும்.

களைத்தவருடைய பதிவைப் பார்த்தால் ஒரு விசயம் தெளிவாகத் தெரியும். அவர் எல்லாத் தடவையும் சீராக மெதுவாகிவிடுவதில்லை. பல தடவை நல்ல வேகத்தில் அமத்துகிறார். இடையிடையே திடீரென்று ஒரு தரம் ஒரு விநாடி, இரண்டு விநாடி பிந்துகிறார், அல்லது முழுதாகவே விட்டுவிடுகிறார். மின்சாரம் கண நேரம் போய் வருவது போல. அதனால்தான் களைத்தவர்கள் "நான் நல்லாத்தானே செய்துகொண்டிருக்கிறன்" என்று நம்புகிறார்கள். பெரும்பாலான நேரம் அது உண்மையும்கூட. ஆபத்து முழுவதும் அந்த இடைவெளிகளில் இருக்கிறது.

இதன் தீவிர வடிவம் நுண்நித்திரை. மூளை ஒரு விநாடியிலிருந்து பத்துப் பதினைந்து விநாடி வரை நித்திரைக்குள் போய் வந்துவிடும். கண் பாதி திறந்தபடியே இருக்கலாம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும் பஸ் மூன்று விநாடியில் 50 மீற்றர் போய்விடும். வெள்ளவத்தையில் இரவு எட்டு, ஒன்பது மணிக்குப் புறப்படும் யாழ்ப்பாண பஸ் விடியப்புறம் மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் பெரும்பாலும் வவுனியாவைத் தாண்டி ஏ9 வீதியில் இருக்கும். உடற்கடிகாரத்தின்படி மனிதரின் விழிப்பு மிகக் குறைந்திருக்கும் நேரம் அது. வீதியோ நேரானது, சமதரை, வெளிச்சம் குறைவு, பார்ப்பதற்கு எதுவும் மாறாது. களைத்த மூளைக்கு இதைவிடக் கடினமான சூழலை வேண்டுமென்று அமைத்தாலும் அமைக்க முடியாது.

எதுவும் மாறாத வேலை ஏன் இப்படிச் செய்கிறது என்ற கேள்வியை இரண்டாம் உலகப் போர்தான் முதலில் கிளப்பியது. பிரிட்டிஷ் விமானப் படையின் ராடார்த் திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், நல்ல பயிற்சி இருந்தும், கடமை நேரம் நீள நீள எதிரியின் அடையாளங்களைத் தவறவிட்டார்கள். நோர்மன் மக்வேத் என்ற உளவியலாளர் இதை ஆராய ஒரு கடிகாரம் செய்தார். எண்களே இல்லாத வெள்ளை முகம், ஒரே ஒரு கறுப்பு முள். முள் விநாடிக்கு ஒரு தரம் ஒரு படி நகரும். எப்போதாவது ஒரு தரம் இரண்டு படி தாவும். அந்தத் தாவலைக் கண்டதும் அமத்த வேண்டும். இரண்டு மணி நேரம். 1948இல் வெளியான முடிவு: முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே பிடிபடும் தாவல்களின் அளவு கணிசமாக இறங்கிவிடுகிறது, பிறகு மெல்ல மெல்ல இன்னும் குறைகிறது. அரை மணி பார்த்து அரை மணி ஓய்வு என்று மாற்றியவர்களிடம் அந்த இறக்கம் இல்லை.

சும்மா பார்த்துக்கொண்டிருப்பது சுலபமான வேலை, அலுப்பால்தான் மனம் அலைகிறது என்றுதான் நீண்ட காலம் நினைத்தார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் வேறு கதை சொல்லின. இத்தகைய வேலைக்குப் பிறகு "எவ்வளவு பாரமாக இருந்தது?" என்று கேட்டால் மக்கள் கடும் வேலைக்குரிய அளவைச் சொல்கிறார்கள், மன அழுத்தமும் கூடுகிறது. ஒன்றும் நடக்காத திரையில் ஏதாவது நடக்குமா என்று ஓயாமல் எதிர்பார்த்திருப்பது மூளைக்கு உண்மையான உழைப்பு. நம்முடைய காவலாளிகளுக்கு "சும்மா இருக்கிற வேலை" என்று சொல்லிப் பன்னிரண்டு மணி நேரக் கடமை போடும் நிர்வாகக் குழுக்கள் இதை ஒரு தரமாவது யோசிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

முதலில் கண், பிறகு மற்றவை

உடல் தரும் அடையாளங்களில் நம்பக்கூடியவை பெரும்பாலும் கண்ணில்தான் இருக்கின்றன.

சாதாரணமாக ஒருவர் நிமிடத்துக்குப் பதினைந்து, இருபது தரம் இமைக்கிறார். கவனமாக வாசிக்கும்போதும் திரையை உற்றுப் பார்க்கும்போதும் இது வெகுவாகக் குறையும். கணினி முன்னால் கண் காய்ந்து எரிவது அதனால்தான். அந்த எரிச்சலை மட்டும் வைத்து மூளை களைத்துவிட்டது என்று முடிவு செய்யக்கூடாது. களைப்பு ஏற ஏற இமைப்புகளின் எண்ணிக்கை மறுபடி கூடத் தொடங்கும். எண்ணிக்கையைவிட முக்கியமானது இமை மூடியிருக்கும் நேரம். விழிப்பாக இருப்பவரின் இமைப்பு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் முடிந்துவிடும். களைத்தவரின் இமை மெதுவாக இறங்கும், கீழே கொஞ்சம் தங்கும், மெதுவாக ஏறும். பஸ்ஸில் எதிரே இருப்பவரைப் பார்த்தாலே இது தெரியும்.

இந்த மெதுவான மூடலை எண்ணாக மாற்றும் அளவு ஒன்றும் உண்டு. ஒரு நிமிடத்தில், இமை கண்மணியை 80 வீதமோ அதற்கு மேலோ மறைத்திருந்த நேரம் எத்தனை வீதம் என்று கணக்கிடுகிறார்கள். இதன் பெயர் பெர்க்ளோஸ். சாரதியின் முகத்தைக் கெமராவால் பார்த்து எச்சரிக்கும் கருவிகள் பல இதை அல்லது இதைப் போன்ற அளவையே பயன்படுத்துகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கப்படும் புதிய கார், பஸ், லொறி எல்லாவற்றிலும் நித்திரைக் கலக்கத்தை எச்சரிக்கும் ஏற்பாடு கட்டாயம். கொழும்பில் ஓடும் புதிய கார்கள் சிலவற்றிலும் திடீரென்று ஒரு கோப்பிக் கோப்பைப் படம் எரியும். அது அனேகமாக ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் விதத்தை வைத்துச் சொல்வது: களைத்தவர் கொஞ்ச நேரம் எதுவும் செய்யாமல் இருந்துவிட்டு, பிறகு வெட்டித் திருப்புவார்.

அடுத்தது கண்மணி. அது வெளிச்சத்துக்கு மட்டும் விரிந்து சுருங்குவதில்லை. 1966இல் டேனியல் கானெமான், ஜக்சன் பீட்டி இருவரும் ஆட்களிடம் எண்களைச் சொல்லி மனதில் வைத்திருக்கச் சொன்னார்கள். எண்கள் கூடக் கூடக் கண்மணி விரிந்தது. திருப்பிச் சொல்லி முடிக்க முடிக்கச் சுருங்கியது. மூளைத் தண்டில் லோகஸ் கொரூலியஸ் என்ற மிகச் சிறிய பகுதி ஒன்று இருக்கிறது. மூளை முழுதும் நோர்அட்ரினலின் என்ற வேதிப்பொருளை அனுப்பி விழிப்பைக் கூட்டிக் குறைப்பது அதுதான். கண்மணியின் அளவு அந்தப் பகுதியின் செயலோடு சேர்ந்து மாறுகிறது. வெளிச்சம் மாறாத இடத்தில் களைப்பு ஏறும்போது கண்மணி சராசரியில் சிறிதாகும். நித்திரை நெருக்கினால் இருட்டில்கூட நிலையாக விரிந்திருக்க முடியாமல் அலையலையாகச் சுருங்கி விரியும். வெளியிலிருந்து உள்ளுக்குள் பார்க்க உடல் தந்திருக்கும் இந்தச் சிறு வழி எனக்கு இன்றைக்கும் வியப்பாகத்தான் இருக்கிறது.

மூளையின் மின்சாரத்தை நேரடியாகப் பார்க்கும் வழியும் உண்டு. ஜேர்மனியில் ஹான்ஸ் பேர்கர் 1924இல் மனித மூளையின் மின் அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்து 1929இல் வெளியிட்டார். விநாடிக்கு எட்டு முதல் பதின்மூன்று தரம் அசையும் அல்பா அலைகள் கண்ணை மூடி ஓய்வாக இருக்கும்போது தலையின் பின்பக்கத்தில் பெரிதாக வரும். நாலு முதல் ஏழு தரம் அசையும் தீட்டா அலைகள் அதைவிட மெதுவானவை. நீண்ட வேலையில் களைத்தவருக்கு கண் திறந்திருக்கும்போதே இந்த இரண்டும் கூடுகின்றன. நெற்றிப் பக்கத்துத் தீட்டா குறிப்பாகக் கூடும். சறுக்கல் திடீரென்று வந்து விழுவதும் இல்லை. 2009இல் வந்த ஓர் ஆய்வில், ஒருவர் ஓர் அடையாளத்தைத் தவறவிடுவதற்கு இருபது விநாடி வரை முன்பாகவே அல்பா ஏறத் தொடங்குவது தெரிந்தது. அவர் தவறவிடும் கணத்தில் பழி போடுகிறோம். வழி அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

இதயத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் இடையிலுள்ள நேரம் எப்போதும் சற்று மாறிக்கொண்டே இருக்கும். ஆழ்ந்து உழைக்கும்போது இந்த மாற்றம் குறையும். நேரம் போகப் போக, உழைப்பு தளர்ந்ததும் மறுபடி கூடும். கைக்கடிகாரங்கள் இந்த எண்ணைத்தான் காட்டி "உங்கள் மன அழுத்தம்" என்று சொல்கின்றன. மாடிப்படி, வெயில், ஒரு கோப்பை தேத்தண்ணி, தடிமன், பேசிக்கொண்டு மூச்சு விட்டது எல்லாமே அதே எண்ணை மாற்றும். தனி ஒரு நாளின் எண்ணை வைத்து மூளை களைத்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். தோலின் வியர்வையை அளக்கும் முறையும் அப்படித்தான்: விழிப்புக் குறையும்போது அதுவும் குறையும் என்பது சரி, ஆனால் கொழும்புப் புழுக்கத்தில் வெளியில் நின்று அதை அளந்தால் தெரிவது காலநிலைதான். நித்திரை நெருங்கும்போது கையும் காலும் சூடாவது மட்டும் வீட்டிலேயே கவனிக்கக்கூடியது. சிறு குழந்தைகளுக்கு நித்திரை வருகிறதென்று பாதத்தைத் தொட்டே சொல்லும் அம்மாமார் இருக்கிறார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 வீதம்தான், ஆனால் உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ 20 வீதம் அதற்குப் போகிறது. அதைக் கேட்டதும் "அப்போ சீனி முடிந்துதான் களைக்கிறது, இனிப்புச் சாப்பிட்டால் சரி" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். மூளை சும்மா இருக்கும்போதும் கிட்டத்தட்ட அதே அளவைத்தான் எடுக்கிறது. கடினமாக யோசிப்பதால் கூடும் செலவு மிகச் சிறியது. சீனி தீர்ந்துபோகிறது என்ற விளக்கம் நிற்கவில்லை.

2022இல் பாரிஸில் செய்த ஓர் ஆய்வு வேறொரு தடயம் தந்தது. ஒரு வேலைநாள் அளவு நேரம் கடினமான மன வேலை செய்தவர்களுக்கு, நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளையில் குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் சேர்ந்திருந்தது. சுலபமான வேலை செய்தவர்களுக்கு அப்படிச் சேரவில்லை. குளுட்டமேட் நரம்புகள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்துவது. கூடினால் அந்தப் பகுதியை மேலும் இயக்குவது கடினமாகிறது என்பது அவர்களுடைய விளக்கம். கடின வேலை செய்தவர்கள் பின்னேரத்தில் பொறுத்திருந்து பெறும் பெரிய பலனைவிட, உடனே கிடைக்கும் சிறிய பலனையே அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். மாதக் கடைசிக் கணக்கு முடித்து வரும் வழியில் தேவையில்லாத பொருளை வாங்கி வருவதற்குக் காரணம் மனத்திடம் இல்லாமை மட்டும் என்று இனிச் சொல்ல முடியாது.

நித்திரைக் கலக்கத்தோடு தொடர்புள்ள வேதிப்பொருள் வேறு: அடினோசின். விழித்திருக்கும் நேரம் முழுக்க அது மூளையில் சேரும், தூங்கும்போது குறையும். தேத்தண்ணியிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன் அடினோசின் போய் ஒட்டும் இடங்களை மறைத்துக்கொள்கிறது. சேர்ந்த அடினோசின் அப்படியே இருக்கும். குடித்து இருபது, முப்பது நிமிடத்தில் பலன் தெரியும்; ஐந்து மணி நேரம் கழித்தும் ஏறக்குறைய பாதி உடம்பில் இருக்கும். பின்னேரம் ஆறு மணிக்குக் கடும் சாயத்தில் குடித்த வெறுந்தேத்தண்ணி பதினொரு மணிக்குப் படுக்கும் பிள்ளையோடு கூடவே படுக்கிறது.

இந்த விசயத்தில் மிக முக்கியமானதாக நான் நினைப்பது அடுத்தது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில் ஆட்களைப் பதினான்கு நாட்கள் தினமும் ஆறு மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள். அவர்களுடைய சறுக்கல்கள் நாளுக்கு நாள் ஏறின; கடைசியில் ஓரிரு இரவு முழுக்கத் தூங்காதவர்களின் அளவுக்கு வந்துவிட்டன. "எவ்வளவு நித்திரையாக இருக்கிறது?" என்று கேட்டபோது, முதல் சில நாட்களுக்குப் பிறகு அவர்கள் சொன்ன அளவு பெரிதாக ஏறவில்லை. பழகிவிட்டது என்று நினைத்தார்கள். பழகியது உணர்வு மட்டுமே. 1997இல் வந்த இன்னொரு ஆய்வு, பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன் இரத்தத்தில் 0.05 வீத மதுசாரம் உள்ளவரின் அளவுக்குக் குறைகிறது என்று காட்டியது. காலை ஆறு மணிக்கு எழும்பியவருக்கு இரவு பதினொரு மணி.

அதாவது களைத்தவரிடமே "நீ களைத்திருக்கிறாயா?" என்று கேட்பது நல்ல வழி இல்லை. அவருடைய கண்ணையும் வேலையையும் பார்க்க வேண்டும். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை பாடசாலை, பம்பலப்பிட்டியில் ஒரு டியூஷன், வெள்ளவத்தையில் இன்னொன்று என்று முடித்துவிட்டு இரவு பத்தரைக்கு மேசையில் இருக்கிறது. ஒரே வரியை மூன்றாம் தரம் வாசிக்கிறது. கூப்பிட்டால் இரண்டாம் தரம்தான் திரும்புகிறது. எழுத்து வரியை விட்டுக் கீழே சரிகிறது, கூட்டலில் அடையாளக்குறி மாறுகிறது. "படிக்கிற எண்ணமே இல்லை" என்று அந்த நேரத்தில் சொல்லப்படும் வார்த்தை அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். கொப்பியை மூடிப் படுக்கச் சொல்வதுதான் உதவி. படித்ததை நினைவில் பதிக்கும் வேலையின் ஒரு பகுதி நித்திரையில்தான் நடக்கிறது.

சாரதிகளுக்கு: யன்னலைத் திறப்பதும் பாட்டைச் சத்தமாகப் போடுவதும் சில நிமிடங்களுக்குத்தான் உதவும். இமை கனத்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஒரு கோப்பை கோப்பியோ தேத்தண்ணியோ குடித்துவிட்டு உடனே பதினைந்து, இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள். எழும்பும் நேரத்தில் கஃபீனும் வேலை செய்யத் தொடங்கியிருக்கும். ஒரு மணி நேரம் போனால் ஆழ்ந்த நித்திரைக்குள் போய்விடுவீர்கள், எழும்பிய பிறகு கொஞ்ச நேரம் தலை மந்தமாகவே இருக்கும். நீண்ட பயணத்தில் இரண்டாவது சாரதி இல்லையென்றால் பயணிகள் கேட்கலாம், கேட்க வேண்டும்.

காவலாளியின் மேசையில் செய்யக்கூடியதை மக்வேத்தின் கடிகாரமே சொல்லிவிட்டது. இரண்டு பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் திரை, மற்றவர் சுற்றிப் பார்த்து வருவது என்று அரை மணிக்கு ஒரு தரம் மாறிக்கொள்ளலாம். ஒருவர் மட்டும் என்றால் திரையை விட்டு எழும்பி நடப்பதையே கடமையின் பகுதியாக எழுதிக் கொடுக்க வேண்டும். கணக்குப் பார்ப்பவர்கள் சரிபார்ப்பு வேலையைக் காலையில் வைத்துக்கொண்டு, மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு வரை வேறு வேலை செய்யலாம். அந்த நேரத்து மந்தத்துக்குச் சோற்றை மட்டும் குறை சொல்லக்கூடாது. மதியம் சாப்பிடாதவருக்கும் உடற்கடிகாரம் அந்த இறக்கத்தைக் கொடுக்கும்.

நன்றாகத் தூங்கியும், வேலையைக் குறைத்தும், இரண்டு மூன்று கிழமையாக இந்த அடையாளங்கள் போகவில்லை என்றால் வைத்தியரைப் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவு, தைரொயிட் குறைபாடு, கட்டுப்படாத நீரிழிவு, மனச்சோர்வு எல்லாம் இதே முகத்தோடு வரும். பலமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திணறி எழும்புபவர், பகலில் கதைத்துக்கொண்டிருக்கும்போதே தூங்கி விழுபவர், இவர்களுக்கு நித்திரையில் மூச்சுத் தடைப்படும் நோய் இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. நோயாளி தன் குறட்டையையும் திணறலையும் அறியமாட்டார். வைத்தியரிடம் போகும்போது பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது.